நர்சம்மாவின் குடை

அத்தையின் பதினாறாம் நாளுக்கு ஊர் முக்கில் வைத்திருந்த பேனரில், ‘ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்’ என்பதற்குக் கீழே ‘இயற்கை ஆர்வலர்’ என்றும் ஒரு வரி போட்டிருந்தார்கள். யார் எழுதிக் கொடுத்தது என்று தெரியவில்லை. பேனர் அடிக்கும் கடையிலேயே சேர்த்திருக்கலாம். புகைப்படத்தில் அத்தைக்குப் பின்னால் ஒரு மரம் தெரிந்தது, அவர்களுக்கு அது போதுமாயிருந்திருக்கும். எனக்கு அந்த வரி பிடிக்கவில்லை. பொய் என்று சொல்லிவிடவும் முடியாது. விடியுமுன் ஆற்றங்கரைக்குப் போய்வராமல் அத்தை ஒரு நாளைத் தொடங்கியதில்லை. வீட்டுக்குள் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் உட்கார்ந்தால் அவருக்கு மூச்சு முட்டும். கீரை ஆய்வதானாலும் முறத்தைத் தூக்கிக்கொண்டு வேப்ப மரத்தடிக்குப் போய்விடுவார். ஆனாலும் இயற்கை என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. “ஆற்றுப் பக்கம் போய்விட்டு வருகிறேன்” என்பார், அவ்வளவுதான்.

அன்று முழுவதும் என்னை உறுத்தியது அந்த வரிதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊருக்குத் திரும்பி இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, உறுத்தல் வேறு இடத்தில் இருக்கிறது என்று. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் நடந்த பேச்சு அது. அதற்கு வருமுன் குடையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

மாசி மாதத்தில் குடை

1999 மாசியில் பொறியியல் படிப்பை இரண்டாம் ஆண்டில் பாதியில் விட்டுவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு பாளையங்கோட்டை வீட்டு வாசலில் வந்து நின்றேன். ஏன் விட்டேன் என்பது இங்கே வேண்டாம். அன்றைக்கே அதை ஒழுங்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அப்பா கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். “அவனுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்று” என்று அம்மாவிடம் சொல்வார். நான் எதிர் இலையில் இருப்பேன். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ அத்தை வந்தார். அப்பாவின் தங்கை. வந்து காப்பியைக் குடித்துவிட்டு, “அண்ணே, இவனை நாலு நாள் என்னோடு அனுப்பி வை. தென்னைமட்டை வெட்டிப்போட ஆள் இல்லை” என்றார். அத்தை வீட்டில் ஒரு தென்னைகூடக் கிடையாது என்பது அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். தலையை மட்டும் ஆட்டினார்.

அன்று மாலையே மீட்டர்கேஜ் பாசஞ்சரில் வீரவநல்லூர் வந்து இறங்கி, டவுன் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை நாலரை மணிக்கு அத்தை என் காலைத் தட்டினார். அவர் கையில் ஒரு கறுப்புக் குடை. வெளியே வந்து பார்க்கிறேன், வானம் முழுக்க நட்சத்திரம். மாசி மாதத்தில் குடை எதற்கு என்று கேட்டதற்கு “வேண்டியிருக்கும், வா” என்றார்.

திருப்புடைமருதூரைப் பற்றி நெல்லைப் பக்கத்து ஆட்களுக்கு அதிகம் சொல்ல வேண்டாம். கடனாநதி தாமிரபரணியோடு சேருகிற இடம், நாறும்பூநாதர் கோயில், ஆற்றோரம் மருத மரங்கள், தை பிறந்துவிட்டால் மரத்துக்கு மரம் நாரைக் கூடுகள். கோபுரத்துக்குள் நிலை நிலையாக ஏறிச் சுவரோவியம் பார்க்க வருகிறவர்களும் வெளியே வந்ததும் கொஞ்ச நேரம் அண்ணாந்து நின்றுவிட்டுத்தான் போவார்கள். அந்த மரங்கள் ஊரறிந்தவை. அத்தை என்னைக் கூட்டிப்போனது அவற்றைத் தாண்டி, வாழைத் தோட்டத்து ஓரமாகக் கொஞ்ச தூரம் உள்ளே. மரங்களுக்கு அடியில் புகும்போது குடையை விரித்தார். விரித்த கையோடு சொத்தென்று ஒன்று விழுந்தது. பிறகு இன்னொன்று. மீன் வாடை குடலைப் புரட்டியது. குடை ஒன்று, ஆள் இரண்டு. தோளோடு தோள் ஒட்டித்தான் நடக்க வேண்டியிருந்தது. பத்து நாளாக என்னை யாரும் தொட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மரங்களுக்கு அப்பால் இடிந்த படித்துறை ஒன்று. அங்கே கரை உயரம். மருத மரங்கள் கீழே தண்ணீரோரத்தில் வேர்விட்டவை. அதனால் மேல்படியில் உட்கார்ந்தால் கூடுகள் நம் கண்ணுக்கு நேர்மட்டத்தில் இருக்கும். அண்ணாந்து பார்க்க வேண்டாம். எதிர்வீட்டுத் திண்ணையைப் பார்ப்பது போலப் பார்க்கலாம். வெளுக்க வெளுக்க, மஞ்சள் அலகும் ஆரஞ்சு முகமும் வாலோரம் பூசிய இளஞ்சிவப்புமாக ஒவ்வொன்றாகத் துலங்கி வந்தன. அது மஞ்சள் மூக்கு நாரை என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அத்தைக்கு அவை எல்லாமே கொக்குதான். ஆனால் கூடு கூடாக அவற்றின் சேதி தெரிந்து வைத்திருந்தார். “அந்த நடுக்கொம்பில் மூன்று குஞ்சு இருக்கிறதே, கடைசிக்கு எடை போதாது. முன்னால் பிறந்த இரண்டும் வாங்கித் தின்றுவிடுகின்றன.” அங்கன்வாடியில் தராசைப் பிடித்துக்கொண்டு தாய்மாரிடம் பேசுகிற அதே குரல். வெயில் ஏறியதும் தாய்ப்பறவை ஒன்று கிழக்குப் பக்கம் திரும்பி நின்று இறக்கைகளை விரித்துப் பிடித்தது. அதன் நிழலுக்குள் குஞ்சுகள் ஒடுங்கின. அத்தை ஒன்றும் சொல்லாமல் குடையை மடக்கி என் பக்கமாக வைத்தார்.

முதல் நாளும் இரண்டாம் நாளும் கல்லூரி என்ற பேச்சே இல்லை. மூன்றாம் நாள் நானாகவே பேசத் தொடங்கினேன். கேட்கும்போது அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. நடுக்கொம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதனால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். அந்தக் கோயிலுக்கு ஒரு தலக்கதை உண்டு. வெள்ளத்தால் மறுகரையில் நின்றுவிட்ட கருவூர்ச் சித்தர் அங்கிருந்தே கூப்பிட, சுவாமி அந்தப் பக்கமாகச் சாய்ந்து காது கொடுத்தாராம். அதனால்தான் லிங்கம் ஒருபுறம் சாய்ந்திருக்கிறது என்பார்கள். அத்தை கோயிலுக்குள் அதிகம் போகமாட்டார். இந்தக் கதை மட்டும் பிடிக்கும். “நானும் ஒவ்வொரு வீட்டிலும் இப்படித்தான் சாய வேண்டியிருக்கிறது. என்ன கஷ்டம் என்றால் ஒருத்தியாவது காதில் விழுகிற மாதிரி சொல்கிறாளா?” என்று சிரிப்பார்.

நான் சொல்லி முடித்ததும் அத்தை புத்திமதி எதுவும் சொல்லவில்லை. எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, “இது என் இடம். உன்னைத் தவிர யாருக்கும் காட்டியதில்லை. யாரிடமும் சொல்லாதே” என்றார். அந்தச் சித்திரையில் அப்பா என்னோடு பேசத் தொடங்கினார். வேறு படிப்பு, வேறு வேலை என்று வாழ்க்கை எப்படியோ ஒரு தடத்தில் ஏறியது. அத்தைக்குக் கொடுத்த வாக்கை மட்டும் நான் விடவில்லை. கல்யாணமான புதிதில் மனைவியைத் திருப்புடைமருதூருக்கு அழைத்துப் போனபோதுகூட, கோயிலையும் ஓவியத்தையும் காட்டிவிட்டு வாழைத் தோட்டத்துப் பக்கம் திரும்பாமலே வந்தேன்.

பதிவேடு இல்லாத இடம்

2005-ல் கோயிலையொட்டிய ஏழு ஏக்கரைப் பறவைகளுக்கான பாதுகாப்புக் காப்பகமாக அரசு அறிவித்தது. அதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தி இப்படியொரு வகையைச் சேர்த்திருந்தார்கள். அந்த வகையில் நாட்டிலேயே முதலாவது இதுதான். செய்தியைப் படித்துவிட்டு உற்சாகமாகப் போன் செய்தேன். “இங்கே கொக்கை யாரும் எப்போதும் அடித்ததில்லையே, இப்போது என்ன புதிதாக?” என்றார். 2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். ஒரு வருடம் நானும் போனேன். பைனாகுலரும் படிவமுமாக இரண்டு நாள் குளம் குளமாகச் சுற்றி, நாமக்கோழி இத்தனை, முக்குளிப்பான் இத்தனை, நத்தைகுத்தி நாரை இத்தனை என்று எழுதிவிட்டு, நேரே அத்தையிடம் போய்ப் படிவத்தின் நகலைக் காட்டினேன். மெச்சுவார் என்று எதிர்பார்த்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். “முப்பத்தாறு வருஷம் எண்ணிவிட்டேன். பிறந்தது இத்தனை, செத்தது இத்தனை, ஊசி போட்டது இத்தனை, சத்து மாத்திரை மிச்சம் இத்தனை. ஆற்றங்கரையில் மட்டும்தான் எண்ண வேண்டியதில்லை. அங்கேயும் படிவத்தைக் கொண்டுவந்துவிட்டாயா?”

எனக்கு முகம் விழுந்துவிட்டது. கணக்கெடுப்பு வேண்டிய காரியம்தான், எண்ணாவிட்டால் எது குறைகிறது என்றே தெரியாமல் போய்விடும் என்று இன்றும் வாதாடுவேன். ஆனால் அத்தை சொன்னதில் அவருடைய அலுப்பு இருந்தது. ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு ஏறக்குறைய ஐயாயிரம் பேர். புதன்கிழமை தடுப்பூசி. மற்ற நாட்களில் வெயிலில் ஊர் ஊராக நடை. தோளில் பை, பைக்குள் பதிவேடுகள். நாள் முழுக்க வெளியில் நடக்கிற வேலை பார்த்தவர் மறுபடி விடியுமுன் வெளியில் நடக்கக் கிளம்பியது ஏன் என்று எங்களுக்கு விளங்கியதில்லை. கால் வலிக்காதா என்று அம்மா கேட்பாள். “இந்த நடை வேறு, அந்த நடை வேறு” என்று பதில் வரும்.

2023 டிசம்பர் வெள்ளத்தின்போது (காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அப்போது) மூன்று நாள் அவருக்குப் போன் கிடைக்கவில்லை. கிடைத்ததும் பதறிக்கொண்டு கேட்டேன். “எனக்கென்ன, குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். கரையில் இரண்டு மரம் சாய்ந்துவிட்டது என்கிறார்கள். போய்ப் பார்க்கலாம் என்றால் உன் மதினி விடமாட்டேன் என்கிறாள்” என்றார். அப்போதே மூட்டு வலி முற்றியிருந்தது. தையில் நான் போய் ஆட்டோ வைத்துக் கூட்டிப்போகிறேன் என்றேன். போகவில்லை. வேலை என்று சொன்னேன்; என்ன வேலை என்று இப்போது நினைவில்லை. பங்குனியில் இறந்துவிட்டார்.

திண்ணைப் பேச்சு

பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்து, வெற்றிலைத் தட்டு சுற்றி வந்துகொண்டிருந்தது. பெரியப்பா மகன் அண்ணன் சுவரில் சாய்ந்தபடி, யாரையும் பார்க்காமல் சொன்னான்: “என் கல்யாணம் முறிந்த சமயம் அத்தை என்னை ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனாள். ஐப்பசி, நல்ல மழை. ஒரு படித்துறை. மரமெல்லாம் காலிக் கூடு. ‘தையில் வருவார்கள்’ என்று மட்டும் சொன்னாள்.” எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ இடறியது. அதற்குள் சித்தி, “கறுப்புக் குடையா?” என்று கேட்டாள். மூன்றாவது குழந்தை தங்காமல் போனபோது அவளை. கடை நொடித்தபோது சின்ன மாமாவை. அம்மாவின் தங்கை மகள், அத்தைக்கு நேரான உறவே கிடையாது, அவளையும். “யாருக்கும் காட்டியதில்லை, யாரிடமும் சொல்லாதே.” ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, இன்னொருவர் மறு பாதியைச் சொன்னார். திண்ணையில் சிரிப்பு எழுந்தது. “எத்தனை பேரடா ஏமாந்திருக்கிறோம்!” என்று மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது. நாற்பத்தைந்து வயதில் ஒருவன், செத்துப்போன அத்தை தன்னை மட்டும்தான் அங்கே கூட்டிப்போனாள் என்று இருபத்தைந்து வருடம் நம்பிக்கொண்டிருந்து, அது இல்லை என்று தெரிந்ததும் பள்ளிக்கூடப் பையன் போல மனம் சுண்டிப்போவது வெளியில் சொல்லக்கூடிய சங்கதியில்லை. ஆனால் அப்படித்தான் இருந்தது. அவர்கள் துக்கமெல்லாம் எனக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. படித்துறையைப் பங்கு போட்டுக்கொண்டார்களே என்றுதான் இருந்தது. அதைவிட, அத்தை பொய் சொல்லிவிட்டாரே என்பது. அன்பாகச் சொன்ன பொய்தான், இருந்தாலும் நான் அதன் மேல் அல்லவா நின்றுகொண்டிருந்தேன்!

அப்போது திண்ணைக் கோடியில் உட்கார்ந்திருந்த அந்த ஊர்ப் பெண் ஒருவர் பேசினார். அவருடைய வீட்டுக்காரருக்கு முன்பு காசநோய் இருந்ததாம். ஆறு மாதம், ஒருநாள் விட்டு ஒருநாள், கண்ணெதிரே மாத்திரையை விழுங்கவைக்க வேண்டிய காலம் அது. “எங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்றால் நர்சம்மா தெருவில் ஆறு வீட்டுக்குப் போவார்கள். ஒரு வீட்டில் பிள்ளைக்கு எடை பார்ப்பார்கள். ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள். ஒரு வீட்டில் சும்மா கதை பேசுவார்கள். எந்த வீட்டுக்கு நிஜமாக வந்தார்கள் என்று தெருவில் கடைசிவரை யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் என் மகளுக்குக் கல்யாணம் நடந்திருக்காது.”

அவர் வேறு எதையோ நினைத்துத்தான் சொன்னார். திண்ணையிலும் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேச்சு மாத்திரைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்விட்டது. நான் மட்டும் அங்கேயே நின்றுவிட்டேன். அத்தையோடு விடியற்காலையில் ஆற்றுக்குப் போனவர் யார் என்று ஒருவருக்கொருவர் தெரிந்திருந்தால், போனவர்களுக்கு என்னவோ ஆகியிருக்கிறது என்பதும் தெரிந்திருக்கும். எங்கள் குடும்பத்தில் ஒரு சேதி பாளையங்கோட்டையிலிருந்து முக்கூடலுக்குப் போய்ச்சேர அரை நாள் போதும். ‘யாரிடமும் சொல்லாதே’ என்றால் எல்லோரும் அதை இடத்தைப் பற்றிய பேச்சாகவே எடுத்துக்கொண்டோம்.

இதை அப்படியே வைத்துக்கொண்டு சமாதானமாகியிருப்பேன். மதினி விடவில்லை. அத்தையின் ஒரே மகள். என்னைவிட நாலு வயது மூத்தவர். காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போகப் போனவர் நிலைப்படியில் நின்று, “என்னை ஒருநாள்கூடக் கூட்டிக்கொண்டு போனதில்லை” என்றார். குரலில் கோபம் இல்லை. திண்ணை அடங்கிவிட்டது. சித்தி ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு வெற்றிலையை மடிக்கத் தொடங்கினாள்.

மறுநாள்

அன்றிரவு நான் அங்கேயே தங்கினேன். விடிகாலை நாலரைக்கு விழிப்பு வந்து எழுந்து பார்த்தால், மதினி வாசலில் குடையோடு நிற்கிறார். “வழி காட்டு” என்றார். நடந்தோம். வெள்ளம் வாழைத் தோட்டத்து வரப்பை அரித்துக்கொண்டு போயிருந்தது. சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. சாய்ந்த இரண்டு மரங்களில் ஒன்று நடுக்கொம்பு இருந்த மரம். மற்றவற்றில் கூடுகள் இருந்தன. குஞ்சுகள் சாம்பல் நிறத்தில் ஏறக்குறைய வளர்ந்து, கூட்டு விளிம்பில் நின்று இறக்கையை அடித்துப் பழகிக்கொண்டிருந்தன. படித்துறையில் இரண்டு கல் காணவில்லை.

உட்கார்ந்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. இது மஞ்சள் மூக்கு நாரை, அதோ பாம்புத்தாரா, இது குஞ்சுகளுக்கு அலகில் தண்ணீரும் கொண்டுவந்து ஊற்றும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். மதினி பொறுமையாகக் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “நான் இங்கே வந்திருக்கிறேன்” என்றார்.

“நீ வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனாயே, அதற்கு ஒரு மாதம் கழித்து. அம்மா தினமும் எங்கே போகிறாள் என்று பார்க்க நான் பின்னாலேயே வந்தேன். அந்த மரத்தடியில்தான் நின்றேன். இதே படியில் ஒருவர் குனிந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். குடை அவர் மடியில் இருந்தது. அம்மா திரும்பி என்னைப் பார்த்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். வீட்டுக்கு வந்தும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அப்புறம் என்னை எப்படிக் கூப்பிடுவாள்?”

நான் ஒரு மாதம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பங்குனி. சித்திரைக்கு முந்தின மாதம். அப்பா போய் எட்டு வருடமாகிறது.

“யார் மதினி அது?”

மதினி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அவரிடமும் யாரிடமும் சொல்லாதே என்றுதானே சொல்லியிருப்பாள்” என்றார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். திரும்பும்போது, மரங்களுக்கு அடியில் புகுமுன் நின்று அதை விரித்து, என் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார்.